எட்டாம் நம்பர் பூட்ஸ்

கோப்பையை ஜெயித்த மறுநாள் விடிவெள்ளி கால்பந்து அணியில் ஒருவன்கூட நேரத்தோடு எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் போட்ட ஆட்டமும் கூத்தும் அப்படி. சகாயராஜ் மட்டும் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

மைதானத்து ஓரத் தகரக் கொட்டகையில் தம்புராஜ் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். அந்த அணியை ஆரம்பித்தவர் அவர்தான். கோணூசியும் நூலுமாக, வாய் பிளந்த பூட்ஸ் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, கப்பு வாங்குனவன் மூஞ்சியா இது?"

சகாயராஜ் மடித்த ஜெர்சியை அவர் முன்னால் வைத்தான். அதன்மேல் மெடலை வைத்தான்.

"இனிமே நான் கிளப்புக்கு வரல மாஸ்டர்."

"ஃபைனல்ல ஆட விடலன்னு கோவமா?"

"கோவம்தான். ஆனா நேத்தோட அது போயிருச்சு."

மாஸ்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பூட்ஸையும் ஊசியையும் அவன் கையில் கொடுத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல. மிச்சத்தை நீ தை. தைச்சுக்கிட்டே சொல்லு."

சகாயராஜ் தரையில் உட்கார்ந்தான்.

பதினெட்டு வருஷமாக விடிவெள்ளியின் லெஃப்ட் பேக் அவன். வேலை வாங்கித் தருகிறோம் என்று வெளியூர் கிளப் கூப்பிட்டபோதும் போகவில்லை. கல்யாணத்தன்றே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட வந்தவன் என்று ஊரில் கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலியை அவன் ரசிக்கவும் செய்வான். அப்படிப்பட்டவனுடைய அணி முதன்முதலாக ஃபைனலுக்கு வந்தது. மாஸ்டர் வாசித்த பெயர்களில் அவன் பெயர் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. முழங்கால் அவன் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் இடத்தில் ரியாஸ் ஆடினான். சின்ன வயதில் பந்தை நிறுத்தத் தெரியாமல் நின்ற ரியாஸுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே சகாயராஜ்தான்.

"ஆடப்போறதில்லன்னு தெரிஞ்சும் பூட்ஸைத் தொடச்சுப் பையில போட்டுக்கிட்டு வந்தேன் மாஸ்டர்."

"எதுக்கு?"

"யாருக்காச்சும் வயித்தைக் கலக்காதான்னு ஒரு நப்பாசை."

சொல்லும்போதே அவனுக்கு நாக்கூசியது. மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ஹாஃப் டைம்ல ரியாஸோட பூட்ஸ் வாயைப் பொளந்துருச்சுல்ல."

"ம்."

"கேப்டன் வில்சன் கத்துனான். யாருகிட்டயாவது எட்டாம் நம்பர் சைஸ் பூட்ஸ் இருக்கான்னு. யாருகிட்டயும் இல்ல."

"ம்."

"என் பையில இருந்துச்சு."

வெளியே ஆடு ஒன்று கோல் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"காலுக்குக் கீழதான் பை கெடந்துச்சு. குதிகாலால பெஞ்சுக்கு அடியில தள்ளிட்டேன். ஐஸ் வாங்கிட்டு வர்றேன்னு வெளிய போயிட்டேன்."

"ஐஸ் வாங்குனியா?"

"வாங்குனேன். ஐஸ்காரன் வண்டிகிட்டயே நின்னுட்டேன். விசில் ஊதுனப்புறம்தான் வந்தேன்."

ரியாஸ் சணலால் பூட்ஸைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினான். இரண்டாம் பாதியின் நடுவில் சணலும் அறுந்தது. காலுறையில் ரத்தம் தெரிந்தது. அப்படியும் எதிரணிக்காரனைத் தன் பக்கமாக ஒரு தடவைகூடத் தாண்ட விடவில்லை. விடிவெள்ளி ஒரு கோலில் ஜெயித்தது.

"நான் என்ன நெனச்சுக்கிட்டு நின்னேன் தெரியுமா மாஸ்டர்? அவன் வழுக்கி விழுகணும். அவனால கோல் விழுகணும். எல்லாரும் என்னையத் தேடணும். நம்ம டீம் தோக்கணும்னு நின்னேன். நானு!"

ஊசி நிற்காமல் போய்வந்தது.

"கடைசியில கப்பு குடுக்கையில, ரியாஸ்தான் நொண்டிக்கிட்டே வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தான். அண்ணன் வாங்கட்டும்னான். மத்தவய்ங்களும் முதுகுல கையை வச்சுத் தள்ளுனாய்ங்க. வெக்கமில்லாம வாங்கிட்டேன். தலைக்கு மேல தூக்கியும் காட்டுனேன். ஊரே கைதட்டுச்சு."

"நல்லாத்தான் தூக்குன."

"கொல்லாதீங்க மாஸ்டர்."



சகாயராஜ் பூட்ஸைத் திருப்பினான். பின்பக்கத்தில் பழைய தையல் ஒன்று இருந்தது. சிவப்பு நூல். அவன் கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தையலைப் போட்டவன் அவனேதான். போன வருஷம் புதுசு வாங்கியபோது, பழசைத் தைத்து ரியாஸிடம் கொடுத்திருந்தான். கொடுத்ததையே மறந்துவிட்டிருந்தான்.

"நான் கழிச்சுப் போட்டதுலயா அவன் ஃபைனல் ஆடுனான்?"

"ஆமா."

"புதுசை நான் பெஞ்சுக்கு அடியில வச்சிருந்தேன்."

"ஆமா."

அவனுக்கு அந்த இடத்தைவிட்டு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"பதினெட்டு வருஷம் இந்த டீமுக்காகத்தான் ஆடுனேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது அம்புட்டும் பொய்யா மாஸ்டர்?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் காலங்காத்தால வந்தியா?"

"ஆமா."

"தெரிஞ்சு என்ன செய்வ?"

"பொய்யின்னா போயிருவேன். அதான் ஜெர்சியைக் கொண்டாந்தேன்."

"ரியாஸ்கிட்ட என்னன்னு சொல்லிட்டுப் போவ?"



"முழங்கால் முடியலன்னு சொல்லிக்கிறேன். இதைச் சொல்ல வேணாம் மாஸ்டர். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைய அண்ணே அண்ணேன்னு சுத்துறவன். தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவான்."

"அவன் மனசைப் பத்தியா கவலைப்படுற, உன் மானத்தைப் பத்தியா?"

அவன் நூலை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டான். பிறகு உள்ளதைச் சொன்னான்.

"மானத்தைப் பத்தித்தான். இப்ப வரைக்கும் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்."

மாஸ்டர் பக்கத்திலிருந்த பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காற்று போதுமா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

"நீ ஐஸ் வாங்கப் போனப்புறம் வில்சன் சணல் தேடுனான். பெஞ்சுக்கு அடியில கையை விட்டான். உன் பை வந்துச்சு."

சகாயராஜ் ஊசியை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"தொறந்தானா?"

"ஜிப்பைத் தொறந்தான். உள்ள பூட்ஸ் இருந்துச்சு. எல்லாரும் பாத்தாய்ங்க. நானும் பாத்தேன்."

"எடுக்க வேண்டியதுதான மாஸ்டர்?"

"வில்சன் எடுக்கத்தான் போனான். ரியாஸ் தடுத்துட்டான். 'அண்ணன் பூட்ஸ் எனக்குச் சேராது, மூடி வைங்க'ன்னான்."

"சேராதுன்னா சொன்னான்?"

சகாயராஜ் தன் கையில் இருந்த பூட்ஸைப் பார்த்தான். அதில் ரியாஸின் ரத்தம் காய்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தன் சிவப்பு நூல்.

"அதைச் சொல்றப்ப அவன் கால்ல இருந்தது இந்த பூட்ஸ்தான். இது யாரோடதுன்னு அங்க நின்ன அத்தனை பயலுக்கும் தெரியும். ஒருத்தனும் வாயைத் தொறக்கல. வில்சன் ஜிப்பை மூடிப் பையை இருந்த எடத்துலயே வச்சுட்டுச் சணலைக் கேட்டு வெளிய போனான்."

மேடைக்குத் தன்னைத் தள்ளிக்கொண்டு போன கைகள் சகாயராஜின் நினைவுக்கு வந்தன. முதுகில் ஒவ்வொரு கையும் பட்ட இடம் இப்போதுதான் தெரிகிறாற்போல இருந்தது. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான்.

"அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுமா கப்பை என் கையில குடுத்தாய்ங்க?"

"ஆமா."

"எதுக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். ஜெர்சியை எடுத்து உதறி அவன் தோளில் போட்டார்.

"என்னைய எதுக்குக் கேக்குற? சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பிராக்டிஸுக்கு வருவாய்ங்க. தைச்சு முடிச்சு, ரியாஸ் கையில பூட்ஸைக் குடுக்கையில நீயே கேளு."