கிடாவுக்கும் அதே கட்டியம்

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததல்ல. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பன் சொன்னான். அவனுக்குச் சொன்னவர் பேருந்தில் கூட வந்த ஒருவராம். ஊர்ப் பெயர் பிசகியிருக்கலாம். மற்றதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரத் துரைமார் குதிரையில் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், நெடுங்கரை என்ற சின்னச் சமஸ்தானத்தை மாறப்ப பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்பதைவிட, மாதத்துக்கு ஒரு பொருள்மேல் ஆசைப்பட்டார் என்பதே சரி. ஒரு மாதம் புறா. மறு மாதம் கடிகாரம். கடிகாரம் வந்ததும், புறாக்கள் இனி மணி பார்த்துத்தான் கத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அவருடைய கட்டியக்காரர் சடையாண்டி. வெள்ளிப் பூண் போட்ட கோலைத் தரையில் தட்டி, ராஜாவின் முப்பத்திரண்டு பட்டங்களையும் சொல்லி, "பராக்! பராக்!" என்று முடிப்பது அவர் வேலை. "ஏழு கண்மாய்க்கு அதிபதி, கரடிக்கு அஞ்சாத காளை" என்று பட்டியல் நீளும். வேட்டைக்குப் போன அன்றைக்குக் காட்டில் ஓடியது கரடியா ராஜாவா என்பது சடையாண்டிக்குத் தெரியும். இருந்தாலும் குரல் நடுங்காமல் சொல்லுவார்.

நெடுங்கரையில் ஒரு வழக்கம். சபைக்குள் எது வந்தாலும், விருந்தாளியோ காணிக்கையோ, கட்டியம் கூறாமல் வாசற்படி தாண்டக் கூடாது. பட்டம் கூடினால் ஆசனம் உயரும். பட்டம் சமமானால் ஆசனமும் சமம். இந்தக் கட்டியத்துக்காகத்தான் சடையாண்டியின் குடும்பத்துக்கு வாய்க்கால் ஓரத்தில் மூன்று காணி மானியம்.

அந்த மூன்று காணிமேல் துபாஷி தாண்டவராயருக்கு ஒரு கண். துரைமாரிடம் ராஜாவுக்காக இங்கிலீஷ் பேசுகிறவர் அவர். ஒருநாள் தடித்த அகராதி ஒன்றோடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, இங்கிலீஷில் நைஸ் என்று ஒரு சொல் இருக்கிறது. நல்லது, அழகானது, ருசியானது, மென்மையானது, நுட்பமானது, அன்பானது எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம்."

"எல்லாமா?"

"சோறு நன்றாயிருந்தால் நைஸ். மழை விட்டாலும் நைஸ். துரைசானி என் தலைப்பாகையைப் பார்த்தே நைஸ் என்றார்."

ராஜா அந்தச் சொல்லை வாயில் போட்டுப் பார்த்தார். "நைஸ்... அடடா, வெண்ணெய் மாதிரி வழுக்குகிறதே!"

"இவ்வளவு வசதி இருக்கும்போது நம் சடையாண்டி அரை நாழிகை கத்துகிறார். அது முடியும்வரை மகாராஜா வாசலில் வெயிலில் நிற்கிறீர்கள்."

வெயில் என்றதும் ராஜாவுக்குச் சுருக்கென்றது. "நாளை முதல் என் சபையில் புகழ்ச்சிக்கு இந்த ஒரு சொல்தான். சடையாண்டி, வேறு சொல் உம் வாயில் வந்தால் வேலையும் மானியமும் துபாஷிக்கு!"

சடையாண்டியின் மூன்று காணியிலும் நாற்று நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. முப்பது வருடப் பழக்கம். கோலைத் தட்டினால் நாக்கு தானாக ஏழு கண்மாய்க்குப் போய்விடும். துபாஷி அதற்குத்தான் காத்திருக்கிறார். சடையாண்டி கோலை நிமிர்த்திப் பிடித்தார்.

"மகாராஜா, யார் வந்தாலும் அந்த ஒரே சொல்தானா?"

"யார் வந்தாலும்!"

"எது வந்தாலும்?"

"எது வந்தாலும்! உமக்குக் காது கேட்காதா?"

"நன்றாகக் கேட்டது மகாராஜா. சபையோருக்கும் கேட்டிருக்கும்."

மறுநாள் கீழக்கோட்டை ராஜா விருந்துக்கு வருவதாக இருந்தது. அவருக்கு மொத்தமே நான்கு பட்டம். அதிலும் ஒன்று பாட்டனாருடையது.

சடையாண்டி கோலைத் தட்டினார். "நைஸ் மகாராஜா பராக்!"

அவ்வளவுதான். நாயனக்காரர் சீவாளியை வாயில் வைக்கக்கூட நேரமில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ராஜா உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நைஸ் கீழக்கோட்டை ராஜா பராக்!"

வந்தவர் ஒரு கணம் விழித்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக நேரே சிம்மாசனத்துக்குப் போனார். "சற்று நகரும் மைத்துனரே. பட்டம் சமம், பலகையும் சமம்."

ராஜா நகர்ந்தார். வழக்கமாயிற்றே!

தூணோரமாக நழுவி உள்ளே வரப் பார்த்தார் தாண்டவராயர். கோல் குறுக்கே விழுந்தது. "நைஸ் துபாஷி பராக்! ஏறும் ஐயா, சபை வழக்கத்தை மீறலாமா?" அவரும் ஏறி, சிம்மாசனத்தின் ஓரத்தில் பாதி உடம்போடு தொற்றிக்கொண்டார்.

அப்போது வாசலில் கீழக்கோட்டையின் காணிக்கை வந்து நின்றது. கொம்பு முறுக்கிய கிடா.

"நைஸ் கிடா பராக்!"

நான்கு சேவகர்கள் அதைத் தூக்கிச் சிம்மாசனத்தில் விட்டார்கள். அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ராஜாவின் மாலையைத் தின்னத் தொடங்கியது.

"சடையாண்டி!" என்று ராஜா கத்தினார். "எனக்குச் சொன்னதையே கிடாவுக்கும் சொல்கிறீரே!"

"என்ன செய்வேன் மகாராஜா? இருப்பது ஒரு சொல். வருகிறவர்கள் பலர்."

முதலில் சிரித்தவர் கீழக்கோட்டையார். கிடாவின் வாயிலிருந்து மாலையை இழுத்துக்கொண்டிருந்த ராஜாவும் கடைசியில் சிரித்துவிட்டார்.

"எல்லாரும் இறங்குங்கள். சடையாண்டி, முப்பத்திரண்டையும் சொல்லும். மெதுவாகச் சொல்லும். கரடியை இரண்டு தரம் சொல்லும்."

சடையாண்டி சொன்னார். ராஜா வெயிலிலேயே போய் நின்று கேட்டார். மூன்று காணி மானியம் அன்றைக்கு நான்கு காணியாயிற்று.

"அந்த இங்கிலீஷ் சொல்லை என்ன செய்வது மகாராஜா?" என்று சடையாண்டி கேட்டார்.

"வீணாக்க வேண்டாம். துபாஷியே வைத்துக்கொள்ளட்டும்."

அதன்பின் தினமும் வாசலில் "நைஸ் துபாஷி பராக்!" என்று குரல் எழும்பும். முதல் சில நாள் தாண்டவராயர் தலைகுனிந்து வந்தார். பிறகு, என்ன இருந்தாலும் இங்கிலீஷ் பட்டமாயிற்றே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தாராம்.

கதையில் எது மெய் என்று எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கல்லூரி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டிச் சரிபார்த்தேன். பல நூறு வருடங்களுக்கு முன் அந்தச் சொல் இங்கிலீஷுக்கு வந்த புதிதில், அதற்கு நல்லது என்றோ அழகு என்றோ பொருள் இல்லை. ஒன்றும் தெரியாத மூடன் என்பதுதான் பொருள்.