திரும்பிப் பார்க்காதவர்

வைத்திலிங்கம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வேட்டியோடு மடத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. தீட்சை மட்டும் கிடைத்தபாடில்லை. குரு மங்களாம்பிகை அவரைவிட இருபது வயது இளையவர். கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பார்.

வெள்ளிக்கிழமை நான்கு பேருக்குத் தீட்சை என்று பேச்சு அடிபட்டது. அதில் தான் இல்லை என்று தெரிந்ததும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவர், அடுத்துப் போகக் காத்திருந்த குருவிடமே கேட்டுவிட்டார்.

"நான் இன்னும் எதை விடணும், அம்மா? வீடு, வாசல், அதிகாரம் எல்லாம் விட்டாச்சு. விட்டதை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை."

"அது தெரியுது" என்று சொல்லிவிட்டு குரு உள்ளே போனார்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு பிரஷ் போட்டுத் தேய்க்கும் சத்தம். மறுபடி தண்ணீர். வைத்திலிங்கத்துக்கு அப்போதுதான் சுருக்கென்றது. வாளியைக்கூட அவர் காலியாகத்தான் வைத்துவிட்டு வந்திருந்தார்.

குரு வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"அம்மா, அது நான்தான்..."

"மூணு மாசமா உங்களுக்கு அடுத்து நான்தானே போறேன்."

வெட்கத்தில் அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எனக்குப் பயந்து கழுவியிருப்பீங்க. இன்னைக்கு நீங்களே கேட்டீங்க."

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்பே வைத்திலிங்கம் எழுந்துவிட்டார். உட்காரும் முன் பீங்கானில் தண்ணீர் ஊற்றினார். எழுந்த பின் தேய்த்துக் கழுவினார். தரையில் தண்ணீர் தேங்காமல் தள்ளிவிட்டார். வாளி நிறையும் வரை நின்றார். வாசலைத் தாண்டுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மனசு நிறைந்திருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கிணற்றடியில் துண்டை அலசிக்கொண்டிருந்தார்.

குரு வந்தார். உள்ளே போய்விட்டுத் திரும்பினார்.

"இன்னைக்கு இன்னும் யாரும் போகலையா, வைத்திலிங்கம்?"

'நான் போனேன்' என்று சொல்ல உள்ளேயிருந்த தாசில்தாருக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு துண்டைப் பிழிந்தார்.

குரு சிரித்தார்.

"சீக்கிரம் குளிச்சிட்டு வாங்க. தீட்சை அஞ்சு பேருக்கு."