பெட்டி தூக்குவது யார்?

பஸ் முதலாளி தங்கப்பழத்துக்கும் மனைவி செண்பகவல்லிக்கும் விவாகரத்து வழக்கு. ஜீவனாம்சம், மகளின் பாதுகாப்புரிமை என்று வக்கீல்கள் பேசப் பேச, செண்பகவல்லிக்குத் தலை சுற்றியது.

தங்கப்பழம் மிடுக்காக எழுந்தார். "மக ஒரு வாரம் என் வீட்டுல, ஒரு வாரம் இவ வீட்டுல இருக்கட்டும். சின்னப் பிள்ளைதானே, பழகிடும்."

இது மட்டும் அவளுக்குப் புரிந்தது. "சரிங்கம்மா," என்றாள் நீதிபதியிடம். "ஆனா பிள்ளை இப்ப இருக்கிற வீட்டுலயே இருக்கட்டும். அவுகளும் நானும் வாரம் ஒருத்தரா வந்து தங்கிட்டுப் போறோம்."

"வாராவாரம் பெட்டியைத் தூக்கிட்டு அலையவா? என்னால முடியாது! மனுசன் நிம்மதியாத் தூங்க வேண்டாமா?" என்று கத்தினார் தங்கப்பழம்.

"உங்களால முடியாதது குழந்தையால முடியுமா?" என்றார் நீதிபதி.

தங்கப்பழம் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

மகள் அம்மாவோடு அதே வீட்டில் இருக்க, அப்பா வந்து பார்த்துப் போகலாம் என்று தீர்ப்பானது. தன்னைத் தோற்கடித்தது யார் என்று தங்கப்பழத்துக்குக் கடைசிவரை விளங்கவில்லை.