கிட்டே வரவிடாத படை

பூச்சி பொட்டுக்கெல்லாம் வாயும் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில், குழியானையும் மற்ற எல்லாரையும் போல முன்னோக்கித்தான் நடந்தது. குழி பறித்து ஒளிந்துகொள்ளும் பழக்கமெல்லாம் அதற்கு இல்லை. ஓடைக்கரையில் ஒரு புளியமரம். மரத்துக்கு இந்தப் பக்கம் குழியானைக் கூட்டம், அந்தப் பக்கம் எறும்புக் கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படியோ அப்படித்தான் இருந்தன. கொஞ்சலும் உண்டு, முறைப்பும் உண்டு.

முறைப்பு வந்தால் அது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். மரத்தின் வேரடியில் ஒரு மேடு இருந்தது. மழையில் ஓடை பெருகினால் அந்த மேட்டில் மட்டும் தண்ணீர் ஏறாது. இரண்டு கூட்டத்துக்கும் அதில் இடம் பற்றாது. அடித்துக்கொண்டு சாவானேன் என்று முன்னோர்கள் ஒரு விளையாட்டை ஏற்படுத்தி வைத்திருந்தார்கள்.

மழைக்கு முன்னால் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு கொட்டாங்குச்சி களிமண். அதில் படை பிடிக்க வேண்டும். யானை பிடித்தால் மண் நிறையப் போய்விடும். குதிரைக்கு அதைவிடக் குறைவு. வேல்காரனுக்கும் கவண்காரனுக்கும் ஒரு உருண்டை போதும். மணலைச் சமப்படுத்தி, படைகளை எதிரெதிரே நிறுத்தி, மாறி மாறி நகர்த்துவார்கள். மற்றவை எல்லாம் பக்கத்தில் போய் நின்றால்தான் மோதலாம். கவண்காரன் மட்டும் தூரத்திலிருந்தே அடிப்பான். ஆடுகிறவர் ஒரு சிட்டிகை மணலை எதிரி பொம்மை மேல் வீச வேண்டும், சாய்ந்தால் செத்தது. வீசிய பிறகு அவன் ஓரடி பின்வாங்கிக்கொள்ளலாம். ஜெயித்த கூட்டத்துக்கு அந்த வருஷம் மேடு.

எதை எத்தனை பிடிப்பது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் எல்லாரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்தார்கள். அதுதான் மரியாதை என்று யாரும் சொல்லாமலே தெரியும். அதனால் ஒரு வருஷம் இவர்கள் பக்கம் காற்றடித்தால் மறு வருஷம் அவர்கள் பக்கம் அடித்தது.

குழியானைக் கூட்டத்துக்காக ஆடியது ஒரு இளங்குழியானை. எதிரே ஆடியது ஒரு சின்னக் கட்டெறும்பு. சிறு வயதிலிருந்து சேர்ந்து ஆடிப் பழகியவை. எறும்புக்குக் குழியானை அண்ணன், குழியானைக்கு எறும்பு தங்கச்சி. எறும்புக்கு வேல்காரர்களைப் பிடிப்பதென்றால் கொள்ளை ஆசை. ஒவ்வொருவனுக்கும் மூக்கு முழி வைத்து, வரிசை பிசகாமல் நிறுத்தும். "வரிசையில நிக்கத்தான் உனக்குத் தெரியும்" என்று குழியானை கேலி செய்யும். எறும்பும் சிரிக்கும்.

ஒரு வருஷம் குழியானை தோற்றது. அந்த மழையில் அதன் தம்பியை ஓடை கொண்டுபோய்விட்டது. எறும்பு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதது. குழியானைக்கு அழுகை வரவில்லை. தோற்றதால்தானே தம்பி போனான் என்ற எண்ணம் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. வெயில் காலம் முழுக்க அது தனியாக உட்கார்ந்து மணலைக் கிளறி யோசித்தது.

மறு வருஷம் ஆட்டத்துக்கு வந்தபோது அதன் படையில் யானை இல்லை, குதிரை இல்லை, வேல்காரன் ஒருவன்கூட இல்லை. கொட்டாங்குச்சி மண் முழுவதும் கவண்காரர்கள்.

எறும்பு திகைத்துப்போனது. "என்னண்ணே இது? மத்ததெல்லாம் எங்க?"

"மண்ணு அளவு சரியா இருக்கா, பாத்துக்கோ. வேற என்ன சட்டம் இருக்கு?"

நடுவராக இருந்த ஓணானைப் பார்த்தார்கள். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற ஆசாமி அது. அன்றும் ஆட்டி வைத்தது.

ஆட்டம் தொடங்கியது. எறும்பின் வேல்காரர்கள் வரிசையாக முன்னேறினார்கள். குழியானை மணலை வீசியது, பின்வாங்கியது. மறுபடி வீசியது, மறுபடி பின்வாங்கியது. குதிரைகள் பாய்ந்து வருவதற்குள் அத்தனை கவண் வீச்சுகளும் அவற்றின் மேலேயே விழுந்தன. யானையும் பாதி வழியில் சாய்ந்தது. குழியானையின் பொம்மை ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை. அதை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எறும்பு கடைசி வேல்காரனைக் கையில் எடுத்து மண்ணைத் துடைத்தது. "ஜெயிச்சுக்கண்ணே, வேண்டாங்கல. ஒரு தடவையாவது எங்களக் கிட்ட வர விட்டிருக்கலாம்ல."

குழியானை தன் கவண்காரர்களைப் பொறுக்கிக்கொண்டது. தம்பி பெயரைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே மேட்டுக்குப் போய்விட்டது.

அந்த வருஷ மழை போல அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எறும்புகள் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு போக்கிடம் தெரியாமல் ஓடின. மேட்டில் நின்ற குழியானைக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி! மேல ஏறி வா! இடம் பண்ணித் தாரேன்!" என்று கத்தியது. மழை இரைச்சலில் குரல் போய்ச் சேரவில்லை. திரும்பிப் பார்க்கட்டும் என்று ஈர மணலை அள்ளி வீசியது. மணல் மேலே விழுந்ததும் எறும்பு நடுங்கிப்போனது. இன்னுமா அடிக்கிறான் என்று நினைத்து, மேட்டைவிட்டு விலகி வெள்ளத்தின் பக்கமே திரும்பி ஓடியது. அதன் வாயில் ஒரு முட்டை இருந்தது. அதற்குப் பிறகு குழியானை அதைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் குழியானை அழுதது. தம்பிக்கும் சேர்த்து அழுதது.

மழை விட்டதும் மணலைச் சமப்படுத்தி, இரண்டு கொட்டாங்குச்சி நிறையக் களிமண் வைத்துக் காத்திருந்தது. "இந்தத் தடவை எல்லாப் படையும் பிடிக்கிறேன், வாங்க" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டது. எறும்புகள் பேசுவதையே நிறுத்திவிட்டிருந்தன. மற்றவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். "கிட்டவே வர விடாதவன்கூட என்னத்த ஆட?" என்றது பிள்ளைப்பூச்சி.

களிமண் காய்ந்து வெடித்தது. எறும்பு செய்த அந்த வேல்காரர்களில் ஒருவனாவது கிடைப்பானா என்று குழியானை மணலைக் கிளறத் தொடங்கியது. பின்னோக்கிப் பின்னோக்கி நகர்ந்து, சுற்றிச் சுற்றித் தேடியது. தேடத் தேடக் குழிதான் ஆழமானது. அடியில் அது தனியாகக் கிடந்தது.

அன்றைக்குப் பின்னால் வைத்த காலை அது இன்றுவரை முன்னால் வைக்கவில்லை. குழியின் விளிம்பில் ஓர் எறும்பு கால் இடறினால் போதும், தங்கச்சிதான் வந்துவிட்டாள் என்று அடியிலிருந்து மணலை வீசிக் கூப்பிடுகிறது. எறும்பு சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் கிட்டே வந்து சேர்கிறது. அதற்குள் குழியானைக்குப் பசி வந்துவிடுகிறது.