சுவாமியைச் சாய்த்த தோள்

மருதந்துறைப் பெருமான் வீதிக்கு எழுந்தருளும்போது பல்லக்கைச் சுமப்பவர் பதினாறு பேர். அவர்களுக்குத் தலைவராய் இருந்தவர் ஐயாறர். தலைவர் என்பதற்காக அவருக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. எல்லோருக்கும் முன்னே வந்து மண்டபத்தில் உட்கார்ந்து, தோளில் வைக்கும் சும்மாடுகளுக்குப் பழந்துணி மடிப்பதே அவருடைய முதல் வேலை. உயரமானவருக்கு மெல்லியது, குட்டையானவருக்குத் தடித்தது. பதினாறு தோள்களும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் பல்லக்கு சாயாது. பாரமும் ஒருவர்மேல் மட்டும் விழாது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஐந்தெழுத்தை ஒருமுறை சொல்லுவார். அதுவே அவர் செய்த பூசை.

நடைக்கு அடி எடுத்துக் கொடுப்பவரும் அவரே. அன்று யாருடைய நடை மெதுவோ, அதையே எல்லோருக்கும் நடையாக்குவார்.

"இப்படி ஊர்ந்தா சாமி தூங்கிடும் ஐயாறரே" என்பார்கள் பின்னால் வருபவர்கள்.

"தூங்கட்டுமே. அவசரம் நமக்குத்தான், அவருக்கு இல்லையே" என்பார்.

ஒரு பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள் காலை. ஐயாறருக்குப் பின்னால் தோள் கொடுக்கும் மழபாடியார் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தார். திருவிழா நாளில் தோள் கொடுக்கத் தவறியவருக்கு அந்த உரிமையும் கோயில் சோறும் அன்றோடு போய்விடும் என்பது அங்கே இருந்த வழக்கம். அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள்.

"நிக்கவே முடியல அண்ணே."

"பல்லக்குத் தண்டைத் தொட்டுக்கிட்டு என் பின்னால வா. தூக்க வேண்டாம். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

தம் சும்மாட்டில் மூன்று மடிப்பு கூட்டிக்கொண்டார் ஐயாறர். தண்டு உயர்ந்தது, மழபாடியார் தோளுக்குப் பாரம் எட்டவில்லை. இருவர் பாரத்தையும் ஒருவரே சுமந்து மூன்று வீதி கடந்தார். வடக்கு வீதித் திருப்பத்தில் பல்லக்கு ஒருபுறம் சாய்ந்தது. பெருமான் திருக்கழுத்து மாலை நழுவி மண்ணில் விழுந்தது.

கோயில் அதிகாரி சும்மாட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இத மடிச்சது யாரு?"

"நான்தாங்க."

"மூணு மடிப்பு எதுக்குக் கூட?"

மழபாடியார் தலை குனிந்து நின்றார். ஐயாறர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நான்கு பிள்ளைகளின் சோறு போய்விடும்.

"என் கை செஞ்ச பிழைங்க" என்று மட்டும் சொன்னார்.

"இனிமே நீர் பல்லக்கைத் தொடக் கூடாது."

முப்பது ஆண்டு தண்டு அழுத்திக் காய்த்துப் போயிருந்த தோளைத் தடவியபடி அன்று முழுதும் அழுதார் ஐயாறர். மறுநாள், "தோள் வேண்டாம்னுட்டே. கை ரெண்டு இருக்கு அப்பனே" என்று சொல்லி ஒரு விளக்குமாற்றை எடுத்தார். பல்லக்கு வரும் வீதிகளை முன்னதாகவே பெருக்கினார். சுமப்பவர்கள் வெறுங்காலோடு நடப்பவர்கள் அல்லவா? கல்லும் முள்ளும் பொறுக்கினார்.

"சாமியச் சாய்ச்ச தோள் வருது, தள்ளி நில்லுங்கப்பா" என்று கடைவீதியில் சிரித்தார்கள். அவரும் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்.

தலைமை மழபாடியாருக்கு வந்தது. அண்ணனிடம் பார்த்த மடிப்புகளையே அவரும் மடித்தார். மெதுவானவர் நடையையே எல்லோருக்கும் வைத்தார். ஆனால் ஐயாறரை எதிரே கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெட்கம் அவர் வாயை அடைத்திருந்தது. அவருக்குக் குதிகாலில் வெடிப்பு உண்டென்பது ஐயாறருக்குத் தெரியும். அந்தக் கால் படும் வரிசையை மட்டும் இரண்டு முறை பெருக்குவார்.

பத்து ஆண்டுகள் இப்படிப் போயின. மறுபடியும் பங்குனி ஏழாம் நாள். மூன்று வீதியைப் பெருக்கி முடித்த ஐயாறர், வடக்கு வீதித் திருப்பத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். களைப்பில் கண்ணயர்ந்தார் என்றே கண்டவர்கள் எண்ணினார்கள்.

பல்லக்கு அங்கே வந்தது. ஒருவர் காலும் இடறவில்லை. ஆனாலும் அது சுவர்ப் பக்கமாக மெல்லச் சாய்ந்தது. பெருமான் மாலை நழுவி, ஐயாறரின் காய்த்த தோளில் விழுந்தது.

தண்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு ஓடினார் மழபாடியார்.

"அண்ணே, மாலை உங்க மேல விழுந்திருக்கு. எழுந்திருங்கண்ணே."

தொட்டுப் பார்த்தார். உடல் குளிர்ந்திருந்தது.

அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், அதிகாரியின் காலில் விழுந்தார். "அன்னிக்குக் காய்ச்சல் எனக்குங்க. அந்த மூணு மடிப்பும் எனக்காகப் போட்டது. பத்து வருஷமா நான் வாயத் திறக்கல."

அதிகாரி பல்லக்கை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "இன்னிக்கு மடிப்பெல்லாம் சரியா இருந்துச்சா?"

"ஒண்ணுகூடப் பிசகலைங்க."

"அப்ப அன்னிக்கும் சாய்ச்சது அவரில்லை, சாமியேதான் சாய்ஞ்சிருக்கு" என்றார் அதிகாரி. "நமக்குத்தான் தெரியல."

பெருமான் கோயிலுக்குத் திரும்பியதும் அந்தப் பதினாறு பேரே ஐயாறரைச் சுமந்தார்கள். அழுகையில் மழபாடியாருக்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை. மற்றப் பதினைந்து பேரும் அவருக்காகத் தங்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். அப்படி நடக்க வேண்டுமென்று அன்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

தளர்ந்தவர் நடையையே தம் நடையாகக் கொண்ட ஐயாறரின் திருவடிகள் நம் நெஞ்சில் தங்கட்டும்.