பலவேசம் அண்ணாவிக்கு முட்டிய கதை

தாமிரபரணிக்குத் தெற்கே வில்லுப்பாட்டுக் குழுக்கள் நிறைய உண்டு. அவற்றில் புத்தியுள்ள குழுக்களைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும். நான் சொல்லப்போவது பலவேசம் அண்ணாவியின் குழுவைப் பற்றி.

வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை பாடுகிறவர் அண்ணாவி. குடம் அடிக்கிறவன் மாசானம். உடுக்கை சுயம்பு. தாளம் தங்கப்பழம். அண்ணாவி எதைப் பாடினாலும் கடைசி வரியைத் திருப்பிப் பாடி "ஆமா" போடுவது இந்த மூன்று பேருடைய வேலை. அதற்கு மேல் ஒன்றையும் தாமாக யோசித்துச் செய்யக் கூடாது என்று அண்ணாவி சொல்லியிருந்தார். அந்தக் கட்டளையைக் கடைப்பிடிப்பதில் அவர்களுக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை.

அறுபதைத் தாண்டியதும் அண்ணாவிக்கு ஒரு சங்கடம் வந்தது. பாதிப் பாட்டில் ஒன்றுக்கு முட்டும். ஓடுவார். ஓடிய வேகத்துக்கு அங்கே ஒன்றும் நடக்காது. வேலியோரம் நின்று முக்கினால் நூல் மாதிரி கொஞ்சம் வரும், நிற்கும், பிறகு சொட்டும். முடிந்தது என்று வேட்டியை இறக்கினால் இன்னும் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கும்.

போன வருசக் கோயில் கொடைத் திருவிழாவில், கதையில் வருகிற அம்மைக்குப் பிள்ளை பிறக்கிற கட்டத்தில், "இடுப்பு வலி எடுக்குதே" என்று பாடிவிட்டு அண்ணாவி எழுந்து போய்விட்டார். பின்பாட்டுக்காரர்கள் அதே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடினார்கள். அண்ணாவி வேலியோரம் நின்ற நேரமெல்லாம் அம்மைக்கு இடுப்பு வலித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை பிறந்ததும் அருள் வந்து ஆடத் தயாராக நின்ற சாமியாடி, கால் வலித்து உட்கார்ந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தார்.

கோயில் தர்மகர்த்தா அண்ணாவியைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த கொடைக்கும் நீருதான்னு பேசியாச்சு. அதுக்குள்ள இதச் சரிபண்ணும் வே. இல்லன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

அந்தக் கோயிலில் அவருடைய அப்பாவும் பாடியவர். அண்ணாவிக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று பேரும் அவரை டவுனில் மூத்திரக் கோளாறுக்கென்றே இருக்கிற டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். போய்ப் பார்த்தால் டாக்டர் பெண். ஊர் ஊராகப் பாடின அண்ணாவிக்கு வாய் அடைத்துவிட்டது.

"ஒண்ணுக்குப் போறதுல சிரமமா இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"சிரமமா இருக்குதே... ஆமா" என்றார்கள் மூன்று பேரும்.

"நின்னு நின்னு வருதா?"

"நின்னு நின்னு வருகுதே... ஆமா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க மூணு பேருக்குமா?"

"எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. நாங்க பின்பாட்டு" என்றான் மாசானம்.

பிறகு டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு அண்ணாவியை மட்டும் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ச் சோதித்தார். அதைப் பற்றி அண்ணாவி இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை. நாமும் பேச வேண்டாம்.

ரத்தம் எடுத்தார்கள். அடுத்தது ஸ்கேன். "நல்லா தண்ணி குடிச்சு அடக்கி வைக்கச் சொல்லுங்க. முட்டினதும் வந்து சொல்லணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாவி குடித்தார். குடித்த பாட்டிலைக் கீழே வைக்கக் குனிந்தபோது பெஞ்சியில் தலை இடித்தது. மாசானம் எழுந்து ஓடினான். "முட்டிட்டாரு, முட்டிட்டாரு."

உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பார்த்தால் மூத்திரப்பையில் ஒன்றும் இல்லை. மறுபடி குடிக்கச் சொல்லி வெளியே அனுப்பினார்கள். இந்தத் தடவை தலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு குடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் கோணியது.

"போயிச் சொல்லுங்கடே. முட்டுது."

மூன்று பேரும் அவரைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"எதுல முட்டுது?" என்றான் சுயம்பு.

"சொவரு அந்தா இருக்கு. இவரு இங்க இருக்காரு" என்றான் தங்கப்பழம்.

"ஒருதடவ பொய் சொன்னவங்கன்னு பேரு வாங்கியாச்சு. இனிமே கண்ணால பாக்காம போயிச் சொல்லப்படாது" என்றான் மாசானம். மற்ற இருவருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அண்ணாவி அவர்களோடு வாதாடும் நிலையில் இல்லை. நடந்துபோய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். மூன்று பேரும் சந்தோஷமாக ஓடினார்கள்.

ஸ்கேன் முடிந்ததும், ஒரு சின்ன அறையில் இருந்த மெஷினைக் காட்டினார் நர்ஸ். அதன் புனலில் ஒன்றுக்குப் போனால் வேகம் எவ்வளவு என்று அது சொல்லுமாம். "அவசரப்பட வேண்டாம். வீட்டுல எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க" என்று அண்ணாவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே மூன்று பேரும் யோசித்தார்கள்.

"வீட்டுல போறப்ப பேச்சியம்மா அத்தை வெளிய நின்னு ஏசும்லா?" என்றான் சுயம்பு.

"அது இல்லாம எப்படி வீடு மாதிரி இருக்கும்?" என்றான் மாசானம்.

தங்கப்பழத்துக்குப் பெண்குரல் நன்றாக வரும். அண்ணாவியின் மனைவி பேச்சியம்மா மாதிரியே கதவைத் தட்டி எடுத்துவிட்டான். "ஏ மனுசா, உள்ள என்ன நெல்லா அவிக்கீரு? அடுப்புல பாலு பொங்குது. வெளிய வாரும்."

உள்ளே அப்போதுதான் தொடங்கியிருந்தது. பட்டென்று நின்றுவிட்டது. நர்ஸ் மூன்று பேரையும் கேண்டீனுக்குத் துரத்திவிட்டு, அண்ணாவிக்கு மறுபடியும் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்.

முடிவுகள் எல்லாம் வந்த பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "பயப்படாதீங்க ஐயா. கேன்சர் மாதிரி ஒண்ணும் தெரியல. மூத்திரப்பைக்குக் கீழ, குழாயைச் சுத்தி ஒரு சுரப்பி இருக்கு, புராஸ்டேட்னு. வயசானா நிறைய ஆம்பளைங்களுக்கு அது பெருசாகும். பெருசாகிக் குழாயை நெருக்குது, அவ்வளவுதான். மாத்திரை தர்றேன். கேக்கலன்னா பிறகு ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம். தினம் ராத்திரி படுக்கப் போறப்ப ஒண்ணு. இதுல தலை சுத்தலாம், அதனால எந்திரிக்கும்போது மெதுவா எந்திரிக்கணும். பாட உக்கார்றதுக்கு முன்னால தண்ணி, காபி குறைச்சுக்கணும்."

அண்ணாவிக்கு வெட்கத்தில் பாதி காதில் விழவில்லை. ஆகவே மூன்று பேரும் ஆளுக்கொரு கட்டளையை மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

மாத்திரை மாசானத்தின் பொறுப்பு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணாவி பாயை விரித்தால் வந்து சுருட்டிவிடுவான். "படுக்கப் போறப்ப ஒண்ணு. மாத்திரை தினம் ஒண்ணுதான். அப்பம் படுக்கையும் ஒண்ணுதான."

"செத்த நேரம் சாஞ்சுக்கிடுதேன்டே."

மாசானம் யோசித்தான். "சாயுறதுக்கு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல." அதிலிருந்து அண்ணாவி மத்தியானத் தூக்கத்தை மாட்டுத்தொழுவத் தூணில் சாய்ந்தபடி தூங்கினார்.

எழுந்திருப்பதைச் சுயம்பு பார்த்துக்கொண்டான். தினமும் விடிந்ததும் வந்து அண்ணாவியின் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். அண்ணாவி எழ ஆரம்பிக்கும்போது பேச்சியம்மா அரிசி களைவாள். அவர் நிமிர்ந்து நிற்கும்போது சோறு வடித்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் மாத்திரை தன் வேலையைச் செய்தது. நூல் கயிறாயிற்று. ஓட்டம் குறைந்தது. வேலியோரம் நிற்கிற நேரமும் குறைந்தது. ஒருநாள் பேச்சியம்மா ஏசுவதற்குள் வெளியே வந்துவிட்டார். அன்றைக்குரிய ஏச்சை அவள் தொழுவத்து மாட்டிடம் ஏசித் தீர்த்தாள்.

கொடை வந்தது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தர்மகர்த்தா அண்ணாவிக்கு ஒரு பானை பதனீர் அனுப்பினார். தங்கப்பழம் தடுத்துவிட்டான். "பாடுறதுக்கு முன்னால தண்ணி ஆகாது." ஆனால் கோயில் பதனீரை வீணாக்கலாமா? மூன்று பேருமாகக் குடித்துத் தீர்த்தார்கள்.

அண்ணாவி பாடினார். பழைய நாளைப் போலப் பாடினார். அம்மைக்கு வலி எடுத்தது. அண்ணாவி அசையவில்லை. மூன்று பேரும் நெளிந்தார்கள். "பாலகன் பிறக்கானே" என்று அண்ணாவி எடுத்துக் கொடுத்தார். "எப்ப எந்திரிப்பாரோ... ஆமா" என்று ராகம் கெடாமல் பின்பாட்டு வந்தது. யார் முதலில் போவது என்று முடிவாகாததால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள்.

அண்ணாவி விடவில்லை. ஒரு வரி பாடி, பின்னால் திரும்பி அதையே பாடி, தானே "ஆமா" போட்டுக்கொண்டார். பாலகன் பிறந்தான். சாமியாடி ஆடித் தீர்த்தார். தர்மகர்த்தா பொன்னாடை போர்த்தி, "அடுத்த வருசமும் நீருதான் வே" என்றார். அண்ணாவிக்குக் கண் கலங்கியது.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல முன்னேற்றம். ஆபரேஷன் இப்ப தேவையில்ல. மாத்திரையை நிறுத்தாம சாப்பிடுங்க" என்றார். அண்ணாவி கும்பிட்டார். மூன்று பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்கு என்ன?" என்றார் டாக்டரம்மா.

மாசானம் முன்னால் வந்தான். "அண்ணாவி சொகமானதுல எங்களுக்குச் சந்தோசம்தாம்மா. ஆனா முன்னெல்லாம் அவரு எந்திரிச்சுப் போனா, ரெண்டுபேரு பாடிக்கிட்டிருக்க ஒருத்தன் போயிட்டு வந்துருவோம். இப்ப அவரு எந்திரிக்கவே மாட்டேங்காரு. நீங்க குடுத்த மாத்திரைக்கு எதிர்மாத்திரை ஒண்ணு இருந்தாக் குடுங்க. கொடைநாளு மட்டும் அவருக்குக் குடுத்துக்கிடுதோம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உங்களுக்கு வந்தா நீங்க எந்திரிச்சுப் போகலாமே?"

மூன்று பேரும் ஒதுங்கிப்போய்த் தாழ்ந்த குரலில் கலந்து பேசினார்கள். பிறகு சுயம்பு வந்து, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்.

"எங்களுக்குத்தான் ஒரு கோளாறும் இல்லையேம்மா. கோளாறு இல்லாதவன் என்னத்தச் சொல்லிட்டு எந்திரிப்பான்?"