முன்னணியத்தில் இருந்தவன்

அந்தத் தீவில் ஆஸ்பத்திரி இல்லை. நோயாளிகளை அக்கரைக்குக் கொண்டுபோக ஊருக்குப் பொதுவாக ஒரு படகு இருந்தது. மெதுவான படகு. மாரி முடிந்த கையோடு ஒரு பெண்ணுக்குப் பாதிக் கடலில் பிள்ளை பிறந்தது. பிள்ளை தங்கவில்லை. அடக்கம் முடிந்ததும், படகை வேகமாக்கித் தரச் சொல்லிக் கேட்க ஊரார் நேரே இறங்குதுறைக் கொட்டிலுக்குப் போனார்கள்.

கொட்டிலில் ரூபவதி இருந்தாள். பட்டணத்தில் எஞ்சின் வேலை படிப்பித்துவிட்டு ஊர் திரும்பியவள். எல்லாரும் அவளை ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவளிடம் இரண்டு பேர் தொழில் பழகினார்கள். ஒருவர் நல்லையா. கடல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர், ரீச்சரைவிட நன்றாக மூத்தவர். மற்றவன் மனுவேல்.

நல்லையா மனுவேலை நம்புவதில்லை. ஒருமுறை அவருடைய வலைகளை யாரோ கடலில் வெட்டிவிட்டிருந்தார்கள். யாரென்று அவர் காணவில்லை. மனதுக்குள் ஒரு முகத்தை வைத்துக்கொண்டார். மனுவேல் முறுக்கிய மரையாணியை அவர் மறுபடி முறுக்கிப் பார்ப்பார். மனுவேல் ஊற்றிய எண்ணெயை மோந்து பார்ப்பார்.

"அவன் பூட்டினதை ஏன் அண்ணை திருப்பித் திருப்பி முறுக்கிறியள்?" என்று ரீச்சர் கேட்டாள்.

"பாத்தால் என்ன? குறைஞ்சு போகுமோ?"

"மரை தேயும், அண்ணை."

அவர் அதைப் பகிடி என்று நினைத்தார்.

படகில் வேலை தொடங்கியது. அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டி எடுத்தார்கள். தண்ணீரைத் தள்ளும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, இறக்கை கூடுதலாகச் சரிந்த விசிறியைப் பூட்டினார்கள். எஞ்சினைப் பின்பலகையில் கொஞ்சம் உயர்த்தி வைத்தார்கள். தண்ணீருக்குள் இழுபடும் இரும்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஓட்டம் கூடும் என்றாள் ரீச்சர்.

முதல் ஓட்டத்தில் எஞ்சின் அலறியது. படகு நகரவில்லை.

"இவன் பிழையாப் பூட்டியிருக்கிறான்" என்றார் நல்லையா.

"நான் சொன்ன உயரத்திலைதான் பூட்டினவன்" என்றாள் ரீச்சர். "பிழை என்ரை. விசிறி காத்தைக் குடிக்குது. கொஞ்சம் இறக்குங்கோ."

இறக்கினார்கள். இரண்டாம் ஓட்டத்தில் படகு பறந்தது. துறையில் நின்றவர்கள் கூவினார்கள்.

ஆனால் ஒரு கரைச்சல் வந்தது. வேகம் ஏற ஏறப் படகின் மூக்கு தூக்கியது. நோயாளியைக் கிடத்தும் இடத்தில் மணல் மூட்டைகளை வைத்தபோது இன்னும் தூக்கியது. பின்னுக்கு இருந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் வானம்தான் தெரிந்தது. போகிற வழியோ பாறையும் வலை மிதவையும் நிறைந்தது.

"முன்னணியத்திலை, இந்த மூக்கடியிலை, ஒராள் இருக்க வேணும்" என்றாள் ரீச்சர். "பாரத்துக்கு மூக்கும் கொஞ்சம் இறங்கும். அவர் கையைக் காட்டுவார். காட்டின பக்கம் திருப்ப வேணும்."

மனுவேல் முன்னால் போய் இருந்தான். நல்லையா எஞ்சினைப் பிடித்தார்.

அன்றைக்கு மாலை அவர் ரீச்சரிடம் வந்தார்.

"போட் ஓடேல்லை."

"எப்பிடி?"

"அக்கரைக்குப் போக முந்தின நேரம்தான் எடுக்குது. பெற்றோலிலை ஏதோ கலந்திருக்கு. இல்லாட்டி அவன் ஏதோ செய்திருக்கிறான்."

ரீச்சர் எஞ்சினைத் திறந்தாள். எண்ணெய் போகும் துவாரங்களை ஒவ்வொன்றாக ஊதிக் காட்டினாள். பெற்றோலைப் போத்தலில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவாக இருந்தது. விசிறியைக் கையால் சுற்றிவிட்டாள். அது தடையில்லாமல் சுற்றி நின்றது.

நல்லையா அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"ரீச்சர், நீங்கள் எனக்கு முழுதும் சொல்லித் தரேல்லைப் போல."

அவள் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அவள் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மனுவேல் வழக்கம்போல முன்னுக்குப் போனான். நல்லையா கைபிடியைத் திருகினார். படகு எழும்பியது. மனுவேலின் கை வலது பக்கம் நீண்டது. உடனே நல்லையா வேகத்தைக் குறைத்து, எழும்பி நின்று எட்டிப் பார்த்தார். ஒரு மிதவை கிடந்தது. பிறகுதான் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் கை இடது பக்கம் நீண்டது. மறுபடியும் எழும்பினார்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் ரீச்சர். "ஆள் மாறுங்கோ. நீங்கள் முன்னுக்கு. மனுவேல் ஓட்டட்டும்."

நல்லையா முன்னணியத்தில் போய் இருந்தார். காற்று முகத்தில் அடித்தது. தண்ணீருக்குள் கறுப்பாகப் பாறை தெரிந்தது. கையை நீட்டினார். எஞ்சின் சத்தம் குறையவே இல்லை. படகு சரிந்து திரும்பியது, பாறை பக்கத்தால் போனது. இன்னொரு பாறை. மறுபடியும் அப்படியே.

இவன் தானாகவே பார்த்துத்தான் திருப்புகிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. முன்னால் வெறும் தண்ணீர். ஒன்றும் இல்லை. நல்லையா கையை இடது பக்கம் நீட்டினார்.

படகு அந்தக் கணமே இடது பக்கம் வெட்டித் திரும்பியது. மணல் மூட்டை ஒன்று உருண்டது. ரீச்சர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேகம் குறையவில்லை.

அக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, நேரத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து எஞ்சினைப் பார்த்தார்கள்.

மனுவேல் கயிறு கட்டிக்கொண்டே கேட்டான். "அந்த இடத்திலை என்ன அண்ணை கிடந்தது?"

நல்லையா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ஒண்டுமில்லை" என்றார்.

மனுவேல் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கயிற்றை இறுக்கிவிட்டு எழும்பினான். ரீச்சர் உருண்ட மூட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே கோயில் வீதியில் ஒருவரைப் புடையன் பாம்பு கடித்தது. தபால் கொண்டு போகிற தில்லையம்பலம். படகுக்குத் தூக்கி வந்தபோதே கால் வீங்கியிருந்தது. அவர் மனைவி கூடவே ஏறினாள். மனுவேல் முன்னணியத்துக்கு ஓடினான். நல்லையா எஞ்சினைப் பிடித்தார். இந்த மனிதன் அன்றைக்கு நடந்ததை மறந்திருப்பானா என்று அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது.

மூக்கு தூக்கியது. முன்னால் வானம்.

மனுவேலின் கை வலது பக்கம் நீண்டது. நல்லையாவின் உடம்பு தானாக எழும்பப் பார்த்தது. காலடியில் தில்லையம்பலம் முனகினார். நல்லையா இருந்தபடியே திருப்பினார். ஒரு பாறையின் முதுகு நுரையோடு பக்கத்தால் வழுக்கிப் போனது. அதற்குப் பிறகு அவர் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தார்.

அக்கரை ஆஸ்பத்திரியில் வைத்தியர், நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றார். தில்லையம்பலம் பிழைத்தார்.

மறுநாள் நல்லையா கொட்டிலுக்கு வந்தபோது ரீச்சர் விசிறியைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஒரு இறக்கையின் விளிம்பை அரம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் நின்றார். அவள் நிமிரவில்லை.

"ரீச்சர், அவன் என்ரை வலையை வெட்டினவனோ இல்லையோ?"

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. இப்பவும் தெரியாது. அண்டைக்கு நான் அவனுக்குப் பொய்க் கை காட்டினனான். அதுக்கு அவன் நேத்துப் பழி வாங்கியிருக்கலாம். எல்லாம் தெரிஞ்சுகொண்டும், அவன் கை நீட்டின பக்கம் நான் பாக்காமல் திருப்பினன். போட்டுக்குள்ளை ஒரு உயிர் கிடந்தது. நான் செய்தது சரியோ?"

ரீச்சர் அரத்தைக் கீழே வைத்தாள்.

"முன்னணியத்திலை ஆர் இருந்தது?"

"அவன்தான்."

"பாறையிலை அடிச்சிருந்தால் முதல்லை ஆர் அண்ணை போயிருப்பினம்?"

நல்லையா துறையில் கிடந்த படகின் முன்னணியத்தைத் திரும்பிப் பார்த்தார்.